ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம்.

மாதக் கச்சேரிகளும் நவராத்திரி நிகழ்ச்சிகளும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு முக்கியமாகச் சொல்ல வேண்டியது, நம் இசைச் சங்கத்தின் உதவியோடு ஜாஸ் பயிலும் நம் ஆல்டோ சாக்ஸபோன் தம்பியின் வளர்ச்சி.

திருப்பரங்குன்றம் பக்கத்து நாகஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை. மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பைக் கேட்டு வளர்ந்தவர். சாக்ஸபோனில் கர்நாடக இசை வாசித்த கத்ரி கோபால்நாத்தும் (1949–2019) நாகஸ்வரக் குடும்பத்திலிருந்து வந்தவர்தான். அவரும் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் சேர்ந்து 2008-ல் வெளியிட்ட ஆல்பத்தைத் தம்பி வரி வரியாக வாசித்துப் பழகியிருக்கிறார்.

ராகமும் மூச்சும் அவருக்குக் கைவந்தவை. ஆனால் நாகஸ்வரத்தின் இரட்டை நாணல் சீவாளிக்குக் கொடுக்கும் அழுத்தத்தைச் சாக்ஸபோனின் ஒற்றை நாணல் ரீடுக்கும் கொடுத்ததால் மேல் ஸ்தாயியில் சுருதி ஏறி, கீச்சென்று கத்தியது. ஊதுவாயை (ரீடு பொருத்தும் முனையை) மட்டும் தனியே ஊதச் செய்தோம். ஆல்டோவில் அது ஏ சுரத்தில் (880 ஹெர்ட்ஸ்) அல்லது சற்றுக் கீழே நிற்க வேண்டும். அதற்கு மேல் போனால் தாடை கடிக்கிறது என்று பொருள். தினமும் நீண்ட சுரம் பிடித்ததில் இந்தக் குறை பெரும்பாலும் நீங்கிவிட்டது. நாகஸ்வரத்தில் துளையைப் பாதி மூடிக் கமகம் கொடுப்போம். சாக்ஸபோனில் துளையைச் சாவி மூடிவிடுவதால் உதடும் தாடையும்தான் அதைச் செய்ய வேண்டும். இதற்கு இன்னும் காலம் ஆகும்.

நாகஸ்வரத்தில் நாக்கால் தட்டி ஊதும் துத்துக்காரப் பழக்கத்தால் நாக்கு தாளத்தட்டிலேயே விழுந்தது. பீபாப் என்னும் வேகமான ஜாஸ் பாணியில் பெரும்பாலும் தட்டுக்கு இடைப்பட்ட சுரத்தில் நாக்கை வைத்து, தட்டுக்கு வழுக்கிச் செல்ல வேண்டும். அந்தப் பாணியின் முன்னோடியான சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் சோலோக்களைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, முதலில் வாயால் பாடி, பிறகு ஊதினார். பாடாமல் நேரே ஊதிய நாட்களில் விரல் மட்டுமே கற்றது, ஸ்விங் என்னும் ஜாஸின் தாள அசைவு வரவில்லை.

தம்பி அமைத்த புதிய உருப்படி மோகன ராகத்தில், ஐந்து எண்ணிக்கை கொண்ட கண்ட சாபு தாளத்தில் ஓடுகிறது. சுருதி இரண்டரைக் கட்டை (மேற்கத்திய ஈ பிளாட்). ஆல்டோவில் எழுதும் சுரமும் ஒலிக்கும் சுரமும் வேறு; வாசிப்பவருக்கு அது எழுத்தில் சி, விரலுக்கும் வசதி. சிக்கல் கார்டில்தான் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டில்) வந்தது. ஆல்டோ எழுத்துப்படி டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7 என்ற ஜாஸின் வழக்கமான கார்டு வரிசையைக் கீழே வைத்தால், ராகத்தில் இல்லாத மத்தியமமும் நிஷாதமும் கூடவே வந்துவிடுகின்றன. மோகனத்தின் முகமே மாறிப்போகிறது. காந்தாரம், தைவதம், ரிஷபம், பஞ்சமம், மேல் சட்ஜம் என்று நான்காம் சுர இடைவெளியில் அடுக்கியதும் ராகத்தின் ஐந்து சுரமும் ஒரே கார்டில் அடங்கின. இந்த ஆண்டின் சிறந்த பலன் இதுவே என்பது செயலாளரின் உறுதியான எண்ணம்.

சித்திரை வெயிலில் ரீடு காய்ந்து வளைகிறது. நான்கு ரீடுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதும், வாசிக்கும் முன் நனைப்பதும், வாசித்து முடித்ததும் குழாயைத் துணியிட்டுத் துடைப்பதும் கட்டாயமாக்கப்பட்டுள்ளன. ஈரத்தோடு பெட்டியில் வைத்தால் சாவியின் அடியில் துளையை மூடும் பேட் உப்பி, சாவி சரியாக மூடாது. கீழ் ஸ்தாயி சுரங்கள்தான் முதலில் கெடும்.

கார்டைக் கண்ணால் பார்த்துக் கற்கப் பியானோ வேண்டும். 88 கட்டைகள் கொண்ட பழைய மின் பியானோ ஒன்று வாங்கவும், பேட் மாற்றும் செலவை ஏற்கவும் பொதுக்குழு ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்