சபைக் கூடத் திருப்பணி நிறைவு அறிக்கை

கிறிஸ்துவில் அன்பான சகோதர சகோதரிகளே,

நம் பங்கின் தூய வின்சென்ட் தே பவுல் கிளைச்சபைக் கூடத்தின் திருப்பணி முடிந்தது. செய்த வேலைகளையும், இனி கட்டடத்துக்குச் செய்யக் கூடாதவற்றையும் உறுப்பினர் அனைவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதலில் பணம். ஏழைகள் நிதியிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கட்டடத்துக்கு எடுக்கவில்லை. வாரக் கூட்டத்தில் பை சுற்றிவரும்போது விழும் இரகசியக் காணிக்கை அரிசிக்கும் மருந்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் உரியது. 1833 ஏப்ரல் 23 அன்று பாரிஸில் நம் சபையைத் தொடங்கிய பிரெடரிக் ஓசானாமும் தோழர்களும் எம்மானுவேல் பாயியின் பத்திரிகை அலுவலகத்தில்தான் கூடினார்கள். சொந்தக் கூடம் எதுவும் இல்லை. அங்கே ஏழைகளுக்குத் தொண்டு செய்துவந்த அருட்சகோதரி ரோசலி ராந்துவிடம் கேட்டறிந்து ஏழைகளின் வீடு தேடிப் போனார்கள். சபை வளர்ந்தது அப்படித்தான். நம் கிளையும் பள்ளி வகுப்பறையில் தொடங்கியது. இல்லச் சந்திப்புகள் கூடி, குடும்பப் பதிவேடுகள் வைக்க இடமில்லாமல் போன பிறகே கூடம் வந்தது. அதனால் திருப்பணிக்குத் தனி ரசீதுப் புத்தகம், தனி வங்கிக் கணக்கு.

கூரைதான் பெரிய வேலை. நம்முடையது மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகள், அவற்றின்மேல் குத்துக்கல்லாகக் குறுக்கே சாய்த்து அடுக்கிய அச்சுக்கல் என்னும் சிறு செங்கல், அதன்மேல் சுண்ணாம்புச் செங்கல் ஜல்லி, கடைசியாகத் தட்டோடு. ஒழுகலை நிறுத்த என்றோ சிமெண்டு பூசியிருந்தார்கள். மரமும் சுண்ணாம்பும் வெயிலுக்கும் மழைக்கும் அசைந்து கொடுக்கும். சிமெண்டு கொடுக்காது, வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய நீர் மேலே ஆவியாக வழியின்றிக் கட்டைகளின் முனைக்குப் போய்ச் சேர்ந்தது. சுவருக்குள் புதைந்த முனைகள் இற்று, கரையானும் ஏறியிருந்தது. கீழே நின்று பார்த்தவர்களுக்கு மரம் நன்றாகவே தெரிந்தது. உளியால் குத்திப் பார்த்த பிறகே நிலைமை புரிந்தது.

இற்ற முனைகளை நல்ல மரம் வரும்வரை அறுத்து, இருபுறமும் துணைக்கட்டை வைத்துப் போல்ட் முடுக்கினோம். சுவர்க்குழியில் முனையைச் சுற்றி ஓர் அங்குலம் காற்றிடம் விட்டிருக்கிறோம். அதைக் கலவையால் அடைத்தால் மரம் மறுபடி இற்றுவிடும். ஜல்லியை 4 அங்குலம் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, 3 அங்குலமாகும்வரை மரக்கட்டையால் அடித்தார்கள். இதில் அவசரம் காட்டினால் உள்ளே பொந்து நிற்கும், அடுத்த மழையில் ஒழுகும். தட்டோட்டுக்கு, நீர் வடிய, 10 அடிக்கு 3 அங்குலம் வாட்டம் (சரிவு).

சுவர்களில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தது. சிமெண்டுப் பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி, கம்பித் தூரிகையால் உப்பைத் துடைத்து, உலரவிட்டு, நீற்றிய கிளிஞ்சல் சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு என்று பூசினோம். ஈரச் சாக்கு தொங்கவிடாத மேற்குச் சுவரில் மட்டும் பூச்சு வேகமாக உலர்ந்து மயிரிழை வெடிப்பு கண்டது. அந்தப் பகுதியைக் கொத்தி மறுபடி பூசியாயிற்று. மேலே மூன்று கை வெள்ளையடிப்பு.

புதிதாகச் சேர்த்தது ஒன்றே: பக்கவாட்டில் தனிக் கதவுடன் ஒரு சிறிய அறை. உதவி கேட்டு வருகிறவர் இதுவரை கூட்டம் நடக்கும் கூடத்தைக் கடந்துதான் வர வேண்டியிருந்தது. பலர் வாசலோடு திரும்பிப் போனார்கள். இந்த வேலைக்கு வேறு காரணம் இல்லாவிட்டாலும் இது ஒன்றே போதும் என்பது குழுவின் கருத்து. குடும்பப் பதிவேடுகளுக்கான பூட்டு வைத்த அலமாரியும் அங்கேதான், ஓதம் தொடாதபடி சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி.

இனி இந்தச் சுவர்களுக்கு எமல்ஷன், டிஸ்டம்பர், சிமெண்டு எதுவும் வேண்டாம். விரிசல் கண்டால் சுண்ணாம்பாலேயே அடைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியிலேயே மாடி ஏறித் தண்ணீர்க்குழாய் வாயில் உள்ள வேப்பஞ்சருகை அள்ளுங்கள். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் வேரோடு பிடுங்குங்கள். மீந்த தட்டோடுகள் மாடிப்படிக்கு அடியில் இருக்கின்றன, யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். இதே அளவு இப்போது சூளைகளில் கிடைப்பது அரிது.

தணிக்கை முடிந்த கணக்கும் ரசீதுகளும் பொருளாளரிடம் உள்ளன. கூட்ட நாளில் எந்த உறுப்பினரும் கேட்டுப் பார்க்கலாம்.

திருப்பணிக் குழு