நேயர்கள் கேட்க மறந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

தொலைக்காட்சி வீட்டுத்தோட்ட நிகழ்ச்சி குறித்து நேயர்கள் தெரிவித்த கருத்துகளைத் தங்கள் வாரப் பதிப்பில் படித்தேன். தொகுப்பாளர் அதிகம் பேசுகிறார் என்கிறார் ஒருவர்; பின்னணி இசை இரைச்சல் என்கிறார் இன்னொருவர். (இசை விடயத்தில் எனக்கும் உடன்பாடே.) ஆனால் அங்கே சொல்லப்படும் முறை எந்த மண்ணுக்கு, எந்த மாதத்துக்கு உரியது என்று ஒருவரும் கேட்கவில்லை. நுவரெலியாவின் குளிரில் கரட்டும் லீக்ஸும் வளர்வதைக் காட்டிவிட்டு, "நீங்களும் செய்து பாருங்கள்" என்று முடித்தால், மட்டக்களப்பின் கடற்கரை மணலில் இருப்பவர்கள் என்ன செய்வது? எங்களுக்குப் பெருமழை வடகீழ்ப் பருவத்தில்தான். ஆனி, ஆடியில் கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். வாவியோரத்தில் உள்ள எங்கள் வீட்டுக் கிணறு அக்காலத்தில் உவர்க்கத் தொடங்கும். அந்த நீரை ஊற்றினால் கத்தரி இலைகளின் ஓரம் கருகுகிறது. காலையும் மாலையும் நீர் விடுங்கள் என்ற பொது அறிவுரையை இந்த உவர் நீரைக் கொண்டு அப்படியே பின்பற்றினால் பயிருக்குப் பாதகம்.

ஒவ்வொரு வாரமும் தொடக்கத்திலேயே பிரதேசத்தையும் மாதத்தையும் திரையில் எழுத்தில் காட்டட்டும். எங்கள் மாவட்டத்துக் களுதாவளையில் இதே மணலில் வெற்றிலையும் மரக்கறியும் விளைவிக்கிறார்கள். படப்பிடிப்புக் குழு ஒருமுறை அங்கு வரலாம். உவர் நீர் பற்றிய கேள்விகளுக்கு வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடத்தினரை அழைத்துப் பதில் பெறலாம். ஐப்பசி மழைக்கு முன்னர் அது ஒளிபரப்பானால் நாற்றுமேடை போடுவோருக்கு உதவும்.

வாசகர்,
கல்லடி, மட்டக்களப்பு.