ஊசிமுனை அளவு காயம்

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள யோகம்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. கொட்டாஞ்சேனை வீடு பழகிவிட்டது என்றும், நாலு மாடி ஏறினாலும் முழங்கால் பெரிதாகத் தொந்தரவு தருவதில்லை என்றும் எழுதியிருந்தாய். வாசிக்க நிம்மதியாக இருந்தது. இங்கே பெரிய புதினம் ஒன்றும் இல்லை. கடற்காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் கறள் பிடித்துப்போய் வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.

கடிதத்தின் கடைசியில் ஒரு விஷயத்தைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். படிக்கட்டில் நீ சோறு வைக்கிற பூனை மருமகனின் கையைக் கடித்தது, மஞ்சளும் எண்ணெயும் அப்பினோம், மூன்று கிழமையில் ஆறிவிட்டது, இனி ஊசி தேவையா என்று. எனக்கு அதுதான் முதல் விஷயம். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மருமகனைக் கடித்த அதே பூனை இன்றைக்கும் படிக்கட்டுக்கு வந்து சாப்பிடுகிறதா? சாப்பிடுகிறது, சுகமாக இருக்கிறது என்றால் விசர்நோயை, அதுதான் ரேபிஸை, பற்றிப் பயப்பட வேண்டாம். விசர்க் கிருமி பூனையின் எச்சிலில் வருவது நோய் வெளியே தெரிவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான். அதற்குப் பிறகு அந்தப் பூனை அதிக நாள் உயிரோடு இராது. அதனால்தான் கடித்த நாயையோ பூனையையோ 14 நாள் பார்க்கச் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 10 நாள் என்கிறது, நமது இலங்கையில் 14. அந்த நாட்களைத் தாண்டி அது நன்றாக உலாவினால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இருக்கவில்லை என்றே அர்த்தம்.

ஆனால் நீயே எழுதியிருக்கிறாய், அங்கே செம்மஞ்சள் நிறத்தில் மூன்று பூனைகள் என்று. கடித்தது எது என்று மருமகனுக்கு நிச்சயமாகத் தெரியுமா? கொஞ்சமேனும் சந்தேகம் இருந்தால், அல்லது மூன்றில் ஒன்றை இப்போது காணவில்லை என்றால், நாளைக் காலையே ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். மூன்று கிழமை போய்விட்டதே, இனி என்ன பிரயோசனம் என்று நினைக்க வேண்டாம். கடித்ததற்கும் நோய் தலைகாட்டுவதற்கும் இடையில் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் எடுக்கும். சிலருக்கு ஒரு கிழமையிலும் வரலாம், வருடம் கழித்தும் வரலாம். நோய்க்குறி வந்த பிறகு காப்பாற்ற வழியே இல்லை. அது வருவதற்கு முன் எந்த நாளில் ஊசி தொடங்கினாலும் தொடங்கியது நல்லதுதான்.

மஞ்சள் அப்பினதற்காக உன்னைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நம் வீடுகளில் எல்லாரும் செய்ததுதான். ஆனால் இனிமேல் வேண்டாம். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித் தூள், மிளகாய், எண்ணெய் ஒன்றுமே காயத்தில் படக்கூடாது. அவை கிருமியைக் கொல்லாது. காயத்தை அடைத்து, கிருமியை உள்ளே வைத்துப் பூட்டிவிடும். வைத்தியர் பார்க்கும்போது காயத்தின் நிறமும் தெரியாது.

செய்ய வேண்டியது கழுவுவது. கடித்த உடனே, அந்த நிமிடமே, குழாயைத் திறந்து ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள். அது எவ்வளவு நீளமான நேரம் என்று நின்று பார்த்தால்தான் தெரியும். இரண்டு நிமிடத்தில் எல்லோருக்கும் அலுத்துவிடும். உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரக் கட்டியும் போதும். விசர்க் கிருமியைச் சுற்றி ஒரு கொழுப்புப் போர்வை இருக்கிறது. சவர்க்காரம் அதைக் கரைத்தால் கிருமி செத்துவிடும். இவ்வளவு மலிவான மருந்து வேறெங்கே கிடைக்கும்? கோப்பையில் தண்ணீர் எடுத்துக் கையை ஊறவிடுவது கழுவுவதாகாது, தண்ணீர் ஓட வேண்டும். உங்கள் மாடியில் தண்ணீர் நிற்கிற நேரம் பார்த்துக் கடித்தால், ஒருவர் வாளியிலிருந்து மொண்டு ஊற்ற மற்றவர் கழுவட்டும். பிறஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம், வாயால் உறிஞ்சவும் வேண்டாம். கொஞ்சம் இரத்தம் வந்தால் வரட்டும், அதை அவசரப்பட்டு நிறுத்தத் தேவையில்லை. மோதிரம் போட்டிருந்தால் அப்போதே கழற்றிவிட வேண்டும். விரல் வீங்கிய பிறகு அதை வெட்டித்தான் எடுக்க வேண்டி வரும். கழுவி முடிந்ததும் பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைப் பூசி, மெல்லிய துணியால் லேசாக மூடினால் போதும். இறுக்கிக் கட்டவோ பிளாஸ்டர் ஒட்டி அடைக்கவோ கூடாது.

பூனைக்கடியை ஏன் இவ்வளவு பெரிதாக எடுக்கிறேன் என்று நீ நினைக்கலாம். நாய் கடித்தால் சதை கிழியும், இரத்தம் கொட்டும், வீடே ஆஸ்பத்திரிக்கு ஓடும். பூனையின் பல் ஊசி மாதிரி. தோலில் ஒரு புள்ளிதான் தெரியும், ஆனால் அது உள்ளே போய் தசையை எலும்போடு இணைக்கிற நாண் வரைக்கும், மூட்டு வரைக்கும், சில வேளை எலும்பு வரைக்கும் கிருமியைச் செலுத்திவிட்டு வெளியே வரும். வந்த உடனே மேல்தோல் மூடிக்கொள்ளும். கழுவின தண்ணீர் ஆழத்துக்குப் போகாது, உள்ளே சேர்கிற சீழுக்கும் வெளியே வர வழி இராது. ஆஸ்பத்திரியில் காட்டப்படுகிற பூனைக்கடிகளில் மூன்றில் ஒன்றுக்குக் குறையாமல் பழுக்கின்றன. கையில் கடித்ததென்றால் இன்னும் மோசம். கையில் சதை குறைவு, தோலுக்குக் கீழேயே நாணும் மூட்டும்.

பழுக்க வைப்பதில் முக்கியமானது பாஸ்டரெல்லா என்ற கிருமி. பூனைகளின் வாயில் சாதாரணமாகவே இருப்பது. விசர்நோய்க்கு முதல் தடுப்பூசி கண்ட லூயி பாஸ்டரின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். அது மிகக் கெதியாக வேலை செய்யும். காலையில் கடித்தால் இரவுக்குள்ளோ மறுநாள் காலைக்குள்ளோ சிவந்து, வீங்கி, விண் விண் என்று வலிக்கத் தொடங்கும். ஆகவே நாளைக்குப் பார்ப்போம் என்பது பூனைக்கடியில் சரிவராது. கையில், மணிக்கட்டில், மூட்டுக்குப் பக்கத்தில், முகத்தில், அல்லது எங்கே என்றாலும் பல் ஆழமாக இறங்கியிருந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் காட்ட வேண்டும். வழக்கமாகத் தருவது கோ-அமொக்ஸிக்ளாவ் என்ற பெனிசிலின் வகை மருந்து, பழுக்காமலிருக்க மூன்று முதல் ஐந்து நாள் வரை. பாமசியில் போய்க் காயத்துக்கு என்று கேட்டு குளொக்சசிலினோ செபலெக்சினோ வாங்கி விழுங்குகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அவை வேறு காயங்களுக்கு நல்ல மருந்துதான், ஆனால் பாஸ்டரெல்லாவை அவ்வளவாக மடக்காது. மாத்திரை போட்டேன், ஆனாலும் வீங்குகிறது என்று வருகிறவர்களில் பலரின் கதை இதுதான். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அவர்களுக்கு வேறு மருந்து இருக்கிறது. தையலும் பொதுவாகப் போடமாட்டார்கள், போடச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். தைத்தால் உள்ளே அடைபடும்.

விரலில் கடித்தால் இந்த நாலையும் நினைவில் வைத்திரு. விரல் முழுதும் ஒரே சீராகப் பருத்திருக்கும். கொஞ்சம் மடங்கினபடியே நிற்கும். வேறொருவர் மெல்ல நிமிர்த்தினாலும் வலியில் உயிர் போகும். உள்ளங்கைப் பக்கமாக விரலின் நீளத்துக்குத் தொட்டால் நோகும். இவை தெரிந்தால் நாணின் உறைக்குள் சீழ் பிடித்திருக்கிறது, சத்திரசிகிச்சை தேவைப்படலாம். அந்த இரவே போக வேண்டும், விடியட்டும் என்று இருந்தால் விரல் மடங்காமலே போய்விடும். சிவப்பின் ஓரத்தில் பேனையால் ஒரு கோடு போட்டுவைப்பது நல்லது. இரண்டு மணித்தியாலத்தில் கோட்டைத் தாண்டினால் யாரும் வாதாடத் தேவையில்லை. காய்ச்சல் வந்தாலும், கையில் மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடினாலும் அதே அவசரம்தான்.

யோகம், உனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. உனக்கென்றால் சின்னக் கடியும் அன்றைக்கே வைத்தியரிடம்தான். மண்ணீரல் எடுத்தவர்கள், ஈரல் பழுதானவர்கள், ஸ்டீரோயிட் குடிக்கிறவர்கள் எல்லோருக்கும் அப்படியே.

ஏற்பு ஊசியையும், அதுதான் டெட்டனஸ் ஊசியையும், மறக்க வேண்டாம். கடைசியாகப் போட்டு ஐந்து வருடத்துக்கு மேல் என்றால், அல்லது எப்போது போட்டது என்று நினைவில்லை என்றால், சொல்லிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

இனி விசர் ஊசி. மருமகனுக்கு வயிற்றைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற பயம் இருப்பதாக எழுதியிருந்தாய். அது பழைய காலம். இப்போது மேற்கையில், தோலுக்குள் 0.1 மில்லிலீட்டர், எறும்பு கடித்த மாதிரி. முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 30ஆம் நாள் என்று அட்டையில் எழுதித் தருவார்கள். முதல் ஊசி போட்ட நாளைத்தான் பூச்சியமாக எண்ண வேண்டும், கடித்த நாளை அல்ல. இந்த எண்ணிக்கையில் பலர் தடுமாறுகிறார்கள், அட்டையை மட்டும் நம்புங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இது இலவசம். பிள்ளைகளை பொரளை சீமாட்டி றிட்ஜ்வே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகலாம். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் தடையில்லை.

பல் இறங்கி இரத்தம் வந்த கடியென்றால், பூனையின் நிலையைப் பார்த்து, ஊசியோடு சீரமும் கொடுப்பார்கள். தடுப்பூசி உடம்பில் எதிர்ப்பை உண்டாக்க ஒரு கிழமைக்கு மேல் எடுக்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் சீரம், தயாரான எதிர்ப்புச் சக்தி. அதைக் காயத்துக்குள்ளும் சுற்றிலும் ஏற்றுவார்கள். கொஞ்சம் வலிக்கும், ஆனால் அந்த இடத்தில் போடுவதில்தான் அதன் பலனே. குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கிற வகை சிலருக்கு ஒவ்வாமை தரும். ஆஸ்த்மா, முன்பு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது எல்லாவற்றையும் முதலிலேயே சொல்ல வேண்டும். முன்பே விசர் ஊசி முழுதாகப் போட்டவர் என்றால் சீரம் தேவையில்லை, ஊசியும் குறையும். ஆகவே பழைய அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு போகட்டும்.

வீட்டுப் பூனை, ஊசி போட்டது, ஆகவே பயமில்லை என்ற பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். குட்டியில் ஒரே ஒரு ஊசி போட்டதைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். அதன் அட்டையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டினால் வைத்தியர் தீர்மானிப்பார்.

கடித்த பூனையை அடித்துத் துரத்துவதோ கொல்வதோ எல்லாவற்றிலும் கேடு. அது கண்முன்னே இருந்தால்தான் பதினாலு நாள் பார்க்க முடியும். வழக்கம்போலச் சோறு வை, தூக்காதே, தடவாதே. இருட்டில் போய் ஒளிவது, காரணமில்லாமல் பாய்ந்து கடிப்பது, குரல் மாறுவது, எச்சில் வடிவது, பின்னங்கால் இழுபடுவது இவற்றில் ஏதாவது கண்டால் கிட்டப் போக வேண்டாம், கடிபட்டவர் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டும். பூனை செத்தால் புதைத்துவிட வேண்டாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ மிருக வைத்தியருக்கோ அறிவித்தால் தலையை ஐஸில் வைத்து பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்ப ஒழுங்கு செய்வார்கள். அதை வெட்டுவது உங்கள் அலுவல் இல்லை, தொடவும் வேண்டாம். பரிசோதனை முடிவு வரும் வரை ஊசியைத் தள்ளிப்போடவும் கூடாது.

பேத்தி புதுக்குட்டியோடு விளையாடுகிறாள் என்றாய். குட்டிகள் பிறாண்டாமல் இரா. தோல் கீறுப்பட்டாலே இதே கழுவல்தான், இதே 15 நிமிடம்தான். இரத்தம் வராத கீறலுக்கும் விசர் ஊசி வேண்டுமா என்று வைத்தியரிடம் கேட்க வேண்டும், ஏனென்றால் பூனை தன் நகத்தை நக்கிக்கொண்டே இருக்கும். கீறலில் வரக்கூடிய இன்னொன்று, பார்ட்டொனெல்லா என்ற கிருமியால் வருவது. தெள்ளின் கழிவு பூனையின் நகத்தில் ஒட்டி, அங்கிருந்து தோலுக்குள் போகும். ஒரு வயதுக்குக் குறைந்த குட்டிகளிடம்தான் அதிகம். கீறின இடத்தில் சில நாளில் ஒரு சின்னக் கொப்புளம் வரும், ஒன்று முதல் மூன்று கிழமைக்குள் கமக்கட்டிலோ கழுத்திலோ நெறி கட்டும், லேசான காய்ச்சலும் சோர்வும் இருக்கும். பெரும்பாலும் தானாகவே மாறும், ஆனால் நெறி குறைய மாதக்கணக்கில் எடுக்கலாம். அப்படி நெறி கண்டால் வைத்தியரிடம் பூனைக்குட்டி இருப்பதைச் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் விட்டால் அவர் வேறு பெரிய வருத்தங்களைத் தேடித் தேடிப் பரிசோதிப்பார், நீங்களும் பயந்து சாவீர்கள். குட்டிக்குத் தெள்ளு மருந்து போடுங்கள், விசர் ஊசியை மிருக வைத்தியர் சொல்கிற வயதில் தொடங்கி ஒவ்வொரு வருடமும் போடுங்கள்.

பிள்ளையிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லி வை: கடித்தாலும் பிறாண்டினாலும் யாரும் ஏசமாட்டோம், குட்டியையும் கொண்டுபோய் விடமாட்டோம், உடனே வந்து சொல்ல வேண்டும் என்று. பேச்சு விழும் என்று பிள்ளைகள் ஒளிப்பார்கள். அந்தப் புள்ளி அளவு காயத்தைப் பெரியவர்கள் தாங்களாகக் கண்டுபிடிக்கவும் மாட்டார்கள். சொன்ன சொல்லை நீங்களும் காப்பாற்றுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் மருமகனைப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போய் மூன்று பூனையையும் காட்டிக் கேள், எது என்று. பதிலை எழுதி அனுப்பி நாளைக் கடத்தாதே, அன்றிரவே எனக்குப் போன் எடு. பத்து மணி வரை விழித்திருப்பேன்.

என்றும் அன்புடன்,
உன் சரசு