கத்தரிக்கு எவ்வளவு, கோர்ஸுக்கு எவ்வளவு

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள கலாவுக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீ இங்கே வந்ததும் முடிவெட்டும் வேலையில் இறங்க எவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்டிருந்தாய். நீ நினைப்பதைவிடக் குறைவுதான், தப்பான இடத்தில் கொட்டாமல் இருந்தால்.

முதலில் ஒன்று. இந்த நாட்டில் முடிவெட்ட லைசென்ஸ் கட்டாயமில்லை. 1964ஆம் வருஷச் சட்டப்படி ஒரு பதிவேடு உண்டு, ஆனால் சேருவது நம் இஷ்டம். அதற்காகச் சான்றிதழே வேண்டாம் என்று எண்ணிவிடாதே. நல்ல சலூன்கள் லெவல் 2 என்ற முடிதிருத்தும் படிப்பின் தகுதியைக் கேட்பார்கள், வேலையில் ஏதாவது தவறு நேர்ந்தால் ஈடு கட்டும் இன்சூரன்ஸ் கம்பெனியும் என்ன படித்தாய் என்று கேட்கும். இரண்டு வாரத்தில் ஸ்டைலிஸ்ட் ஆக்குகிறோம் என்று விளம்பரம் செய்யும் இடத்தில் பணம் கட்டுவதற்கு முன், அந்தச் சான்றிதழை ஏற்றுக்கொள்வார்களா என்று இன்சூரன்ஸ்காரரிடம் கேட்டுவிடு. அரசுக் கல்லூரிகளில் பகுதிநேர வகுப்பு உண்டு. கட்டணச் சலுகைக்குப் பொதுவாக மூன்று வருஷம் இங்கே குடியிருந்திருக்க வேண்டும், புதிதாக வருகிறவர்கள் முழுக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். அதனால் வந்த உடனே கோர்ஸ் வேண்டாம்.

உன் கையில் ஏற்கெனவே த்ரெடிங், அதாவது நூலால் புருவம் திருத்தும் வேலை, இருக்கிறதே, அதில் தொடங்கு. ஒரு நூல்கண்டும் சுத்தமான கைகளும்தான் முதலீடு. நம் ஆட்கள் நடத்தும் பார்லர்களில் அதற்கு எப்போதும் ஆள் தேவை. அதோடு தலை அலசிவிட, கூட்டிப்பெருக்க என்று சனிக்கிழமை உதவியாளராகவும் சேரலாம். 21 வயது நிரம்பியவர்களுக்கு 2025 ஏப்ரலில் மணிக்குக் குறைந்தபட்சம் 12.21 பவுண்டு என்று வைத்தார்கள், நீ வரும்போது எவ்வளவு என்று பார்த்துக்கொள். 'ஒரு மாதம் பழகிக்கொள், சம்பளம் அப்புறம்' என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடு. நீ டிபெண்டன்ட் விசாவில், அதாவது குடும்பத்தினரைச் சார்ந்து வரும் விசாவில், வருவதால் சுயதொழிலும் செய்யலாம். மாணவர் விசாக்காரர்களுக்கு அது தடை. அது தெரியாமல் சலூனில் ஒரு நாற்காலியை வாடகைக்கு எடுத்துச் சொந்தமாகத் தொழில் செய்துவிட்டு விசாவையே சிக்கலாக்கிக்கொள்கிறவர்கள் உண்டு. சொந்தமாகச் சம்பாதிப்பது ஒரு வரி வருஷத்தில், அதாவது ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை, 1,000 பவுண்டைத் தாண்டினால், அந்த வருஷம் முடிந்து வரும் அக்டோபர் 5க்குள் வரி அலுவலகத்தில் பதிந்துவிட வேண்டும்.

சாமான் விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டக் கூடாதது கத்தரியில் மட்டும். ஐந்தரை அங்குலம் உன் கைக்குச் சரியாக இருக்கும். திருகு சரியா என்று பார்க்க ஒரு வழி: ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டு மற்றதை நன்றாகத் திறந்து விட்டுவிடு. முழுக்க மூடிக்கொண்டால் திருகு தளர்ந்திருக்கிறது, முடி வெட்டுப்படாமல் அலகுகளுக்கு நடுவே மடங்கும். அசையாமல் நின்றால் இறுக்கம் அதிகம், கட்டைவிரல் வலிக்கும். பாதியில் நிற்க வேண்டும். தினமும் திருகில் ஒரு சொட்டு எண்ணெய். காகிதம் வெட்டவே கூடாது. கத்தி தீட்டுகிறவரிடம் கொடுத்தால் அலகு போச்சு.

பழக, நிஜ முடி வைத்த பொம்மைத் தலை வாங்கு. விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் ஒன்றே நாலு வெட்டுக்கு வரும். வாங்கின அன்றே லேயர், அதாவது அடுக்கடுக்கான வெட்டு, போட்டுப் பாழாக்குகிறவர்கள்தான் அதிகம். முதலில் ஒரே நீளத்தில் நேர்வெட்டு, பிறகு தோள்வரை, பிறகு பாப் என்கிற குட்டை வெட்டு, கடைசியில்தான் லேயர். காதுக்கு மேலே வரும் முடியைச் சீப்பால் இழுத்துப் பிடித்து வெட்டினால், விட்டதும் அந்த இடம் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும். அங்கே சீப்பின் அகலப் பல்லால் தளர்வாக வாரி வெட்ட வேண்டும். ஈரமுடி காய்ந்தால் மேலே ஏறிக் குட்டையாகும். சுருட்டை இன்னும் ஏறும். கேட்டதைவிடக் கொஞ்சம் நீளமாகவே விட்டுவை.

சாயத்தில் அவசரப்படாதே. நம் பெண்கள் நிறையப் பேர் கடையில் விற்கும் மருதாணிப் பொடி போட்டிருப்பார்கள். சிலவற்றில் உலோக உப்பு கலந்திருக்கும், அதன்மேல் சாயத்தோடு கலக்கும் பெராக்சைடு பட்டால் முடி சூடேறி உதிர்ந்தே போகும். சந்தேகம் வந்தால் சீப்பில் உதிர்ந்த முடியைக் கொஞ்சம் எடுத்து, 20 மில்லி 6% பெராக்சைடில் 20 சொட்டு அம்மோனியா விட்டு, அதில் அரைமணி நேரம் போட்டுப் பார். நுரைத்தாலோ, சூடேறினாலோ, நிறம் மாறினாலோ சாயம் வேண்டாம். இது தவிர, சாயம் போடுவதற்கு 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்கும் பேட்ச் டெஸ்ட். கையில் கறுப்பு மெஹந்தி வரைந்துகொண்டு கொப்புளம் வந்தவர்களுக்குச் சாயமே தொடாதே. இந்த டெஸ்ட் எடுத்ததை எழுதி வைக்காவிட்டால் இன்சூரன்ஸ் உதவிக்கு வராது.

இங்கே குளிரும் ஷாம்பூவும் சேர்ந்து விரலிடுக்கில் தோல் வெடிக்கும். பலர் இந்தத் தொழிலை விடுவது அந்தத் தோல் அரிப்பால்தான். நைட்ரைல் கையுறை போட்டே அலசு, ஒவ்வொரு தலைக்கும் பிறகு இடுக்குவரை துடைத்துக் கிரீம் தடவு. லண்டன் தண்ணீர் உப்புத்தண்ணீர் போலக் கடினம், கெட்டிலைத் திறந்தால் வெள்ளைப் படிவு தெரியும். முடியிலும் அதே படிவு, நுரை சரியாக வராது.

வரும்போது த்ரெடிங் நூல், வால் சீப்பு, கிளிப்புகள், வெட்டும்போது வருகிறவர்மேல் போர்த்த இரண்டு மேலங்கித் துணி எடுத்து வா. அங்கே மலிவு. ஹேர் டிரையர் வேண்டாம், பிளக் பொருந்தாது. கத்தரியை மட்டும் மறந்துபோய்க் கைப்பையில் வைத்துவிடாதே, செக்-இன் பெட்டியில் துணியில் சுற்றி வை.

அன்புடன்,
அக்கா