பல், சக்கரம், பாதை

குன்னூர்,
ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நான்கு நாட்களாக மழை விடாமல் பெய்கிறது. பகல் பன்னிரண்டு மணிக்கும் வீட்டில் விளக்குப் போட வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, ஜெர்மன் வகுப்பை விட்டுவிட்டு வேறு விருப்பப்பாடம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன், விட வேண்டாம். ஆயுதபூஜை விடுமுறையில் நீ இங்கே வைத்துவிட்டுப் போன முதல் நோட்டையும், உன் அலமாரியில் இருந்த சிறிய அகராதியையும் எடுத்து வைத்துக்கொண்டு தினமும் ஒரு மணி நேரம் படித்து வருகிறேன். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது.

உன் நோட்டின் எட்டாம் பக்கத்தில், கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டும் அல்லாத மூன்றாம் பால் என்று எழுதி, ஓரத்தில் மூன்று கேள்விக்குறி போட்டிருக்கிறாய். சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' என்ற சொல்லுக்கு முன்னால் பெண்பாலுக்குரிய 'டீ' வராமல் மூன்றாம் பாலுக்குரிய 'டாஸ்' வருவதைக் கண்டு உனக்குக் கோபமே வந்திருக்கிறது. நமக்கு அந்தக் கோபம் வருவது இயற்கை. தமிழில் பால் என்பது பொருளைப் பார்த்துச் சொல்வது. மனிதரென்றால் உயர்திணை, மற்றவை அஃறிணை என்று பள்ளியிலேயே தெளிவாகக் கற்றுவிடுகிறோம். ஜெர்மனில் பால் பொருளுக்கு உரியதன்று, சொல்லுக்கு உரியது. 'ஷென்' என்பது சிறுமையைக் காட்டும் விகுதி. அந்த விகுதியை ஏற்ற சொல் எதுவானாலும் அதற்கு 'டாஸ்'தான். சிறுமியை அவர்கள் இழிவுபடுத்தவில்லை. சொல்லின் ஈற்றைப் பார்க்கிறார்கள், அவ்வளவே. ஆகவே ஆண்பாலுக்குரிய 'டேர்', மற்ற இரண்டுக்குரிய 'டீ', 'டாஸ்' மூன்றையும் தனியாக மனப்பாடம் செய்யாதே. பெயரையும் அதன் முன்னால் நிற்கும் சொல்லையும் ஒட்டி, ஒரே சொல்லாக வாயில் பழக்கு.

இதை எனக்கு விளங்க வைத்தது நான் வாழ்நாளெல்லாம் வேலை செய்த நீலகிரி மலை ரயில்தான். ஷெட்டில் ஃபிட்டராக இருந்த காலத்தில், எங்கள் பல் தண்டவாள அமைப்பின் பெயரான 'ஆப்ட்' என்ற சொல்லை ஒரு நாளைக்குப் பத்து முறையாவது சொல்லியிருப்பேன். அது கார்ல் ரோமன் ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளரின் பெயர் என்பதும், நாங்கள் பழுதுபார்த்த எக்ஸ் வகை நீராவி இன்ஜின்கள் வின்டர்தூர் என்ற ஜெர்மன் பேசும் ஊரில் செய்யப்பட்டவை என்பதும் பிறகே எனக்குத் தெரிந்தன. அந்த ஊர்க்காரர்கள் நம் பாதையைப் போன்றதை 'ட்ஸான்ராட்பான்' என்பார்கள். அகராதியில் இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது! 'ட்ஸான்' என்றால் பல், 'ராட்' என்றால் சக்கரம், 'பான்' என்றால் பாதை. பல்சக்கரப்பாதை. நாம் சேர்ப்பது போலவே, அதே வரிசையில், இடைவெளி விடாமல் சேர்த்திருக்கிறார்கள். இன்னும் பார்: பல்லுக்கு 'டேர்', சக்கரத்துக்கு 'டாஸ்', பாதைக்கு 'டீ'. மூன்று பாலும் ஒரு சொல்லுக்குள் வந்துவிட்டன. முழுச் சொல்லுக்கு எந்தப் பால் என்றால், கடைசியில் நிற்பதன் பால். எனவே 'டீ ட்ஸான்ராட்பான்'. நம் தொகைச் சொல்லிலும் கடைசியில் நிற்பதுதானே தலைமைச் சொல்? நீளமான ஜெர்மன் சொல்லைக் கண்டு மலைக்காதே. வாலிலிருந்து பிரித்துக்கொண்டு வா.

நீ இப்போது செய்யும் பெரிய தவறு, ஜெர்மன் வாக்கியத்தை ஆங்கிலத்தின் வழியாகப் பிடிக்க முயல்வது. நோட்டில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் ஆங்கிலம்தான் இருக்கிறது. தமிழை வைத்துப் பார். குளிருகிறது என்று சொல்ல நீ 'இஷ் பின் கல்ட்' என்று எழுதியிருக்கிறாய். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்து 'மீர் இஸ்ட் கல்ட்' என்று திருத்தியிருக்கிறார். 'இஷ்' என்றால் நான். 'மீர்' என்றால் எனக்கு. குன்னூரில் பிறந்த பெண் 'நான் குளிராக இருக்கிறேன்' என்று என்றாவது சொல்லியிருக்கிறாளா? 'எனக்குக் குளிருது' என்றுதானே கம்பளியை இழுத்துக்கொள்வாய்? அதையேதான் அவர்களும் சொல்கிறார்கள். ஒன்று பிடித்திருக்கிறது என்று சொல்லும்போதும் அப்படியே: 'எஸ் கெஃபேல்ட் மீர்', அது எனக்குப் பிடித்திருக்கிறது.

வேற்றுமையும் அப்படித்தான். ஜெர்மனில் வேற்றுமை நான்குதான்; நமக்கு எட்டு. அவர்களுடைய நான்கும் ஏறத்தாழ நம்முடைய முதலாம், இரண்டாம், நான்காம், ஆறாம் வேற்றுமைகள். 'இஷ் ட்ரிங்கெ டேன் டே' என்றால் நான் அந்தத் தேநீரைக் குடிக்கிறேன். நாம் பெயரின் பின்னால் ஐ உருபைச் சேர்க்கிறோம். அவர்கள் பெயரைப் பெரும்பாலும் தொடாமல், முன்னால் நிற்கும் 'டேர்' என்பதை 'டேன்' என்று மாற்றுகிறார்கள். குழந்தைக்கு என்னும்போது 'டாஸ்' என்பது 'டேம்' ஆகிறது. அது நம்முடைய கு. ஒரு வேறுபாட்டை மட்டும் மறவாதே. நாம் 'தேநீர் குடித்தேன்' என்று உருபைத் தொக்கவிட்டுப் பேசுவோம். அவர்கள் அந்த மாற்றத்தை விடுவதில்லை. ஆண்பாலில் மட்டும்தான் இரண்டாம் வேற்றுமைக்கு வடிவம் மாறுகிறது என்பதால், சுமை நீ நினைப்பதைவிடக் குறைவு.

'வைல்' என்று காரணம் சொல்லத் தொடங்கினால் வினை வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும் என்று ஆசிரியர் சொன்னதாகவும், வகுப்பில் எல்லோரும் திகைத்ததாகவும் சொன்னாய். வினையைக் கடைசியில் வைத்தே பேசி வளர்ந்த நமக்கு அதில் என்ன திகைப்பு? சாதாரண வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்பதைத்தான் நீ வருந்திப் பழக வேண்டும். 'நீ', 'நீங்கள்' வேறுபாட்டை உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோழிக்கு 'டூ', ஆசிரியருக்கு 'ஸீ'.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. இருபத்தொன்றை அவர்கள் 'ஒன்றும் இருபதும்' என்று திருப்பிச் சொல்வதை எழுதிப் பார்த்துப் பயனில்லை. பேருந்து எண், கடைச் சீட்டு என்று கண்ணில் படும் எண்ணையெல்லாம் சொல்லிச் சொல்லித்தான் பழக வேண்டும். நம்மிடம் எழுத்தில்லாத ஒலிகளும் இருக்கின்றன. ஊ சொல்வதுபோல் உதட்டைக் குவித்து வைத்துக்கொண்டு, உதட்டை அசைக்காமல் ஈ சொல். அதுதான் இரண்டு புள்ளி வைத்த யூ. 'ஷோன்' என்றால் ஏற்கெனவே; அதே சொல்லில் ஓ சொல்லும் உதட்டோடு ஏ சொன்னால் அழகு என்ற பொருள் வந்துவிடும். கண்ணாடி முன்னால் நின்று பார்த்துச் செய். தோழிகள் சிரித்தால் சிரிக்கட்டும்.

வகுப்பு வேகமாகப் போகிறது, என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை என்றாய். மலையடிவாரத்துக் கல்லாற்றில் பல் தண்டவாளம் தொடங்கும் இடத்தை நீ சிறு வயதில் என்னோடு வந்து பார்த்திருக்கிறாய். தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு பல் சட்டங்கள் பக்கம் பக்கமாக இருக்கும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதற்குப் பள்ளம் இருக்கும்படி தள்ளிப் பதித்திருப்பார்கள், எந்த நொடியிலும் ஒரு பல்லாவது சக்கரத்தைத் தாங்கி நிற்பதற்காக. அந்தச் சட்டத்தின் மேல் ஏறும்போது இன்ஜினை மிக மெதுவாக விட வேண்டும். முதல் பல் சரியாகப் பொருந்தாமல் விசையைக் கொடுத்தால் பல் தேயும். பொருந்திவிட்டால், ஏறத்தாழப் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறும் அந்தச் செங்குத்தில், நான்கு பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு அதே இன்ஜின் குன்னூர் வரைக்கும் ஏறிவிடும். நீ இன்னும் கல்லாற்றில்தான் இருக்கிறாய். இரண்டு மாதத்தில் வேகத்தை எதிர்பார்க்காதே. ஒரு நாளைக்கு ஐந்து பெயர்ச்சொல், அவற்றின் டேர், டீ, டாஸோடு, போதும்.

1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மானியர், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் நம் எழுத்துகளை எழுதிப் பழகினார். அப்போது அவருக்கு வயது இருபத்துநான்குக்குள். பத்து ஆண்டுகள் கழித்து, 1716-இல், அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஹாலே நகரில் அச்சானது. உனக்கு வயது பத்தொன்பது.

சமையலறையில் சீட்டுகள் எழுதி ஒட்டியிருக்கிறேன்: டேர் உள்ளவற்றுக்கு நீல மை, டீக்குச் சிவப்பு, டாஸுக்குப் பச்சை. அரிசி, சர்க்கரை, தேயிலை மூன்றும் நீலம், பால் சிவப்பு, உப்பும் தண்ணீரும் பச்சை. அம்மா உப்பு டப்பாவை எடுக்கும்போதெல்லாம் 'டாஸ் ஸால்ட்ஸ்' என்று சொல்லிவிட்டுத்தான் மூடியைத் திறக்கிறாள். தயிர்ப் பாத்திரத்துக்கு மட்டும் இன்னும் ஒட்டவில்லை. அகராதியில் அதற்கு டேர் என்றும் போட்டிருக்கிறது, டாஸ் என்றும் போட்டிருக்கிறது. திங்கட்கிழமை வகுப்பில் உன் ஆசிரியரிடம், அவர் வீட்டில் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா