நிலையாணைகளை எங்களுக்குப் புரிகிற தமிழில் எழுதுங்கள்: தொழிலாளர் நலத்துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு வணக்கம்.

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை செய்கிறேன். லீவு, சஸ்பென்ஷன், விசாரணை என ஆலையின் வேலை விதிகளைச் சொல்லும் நிலையாணை பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சான்றளிப்பதே உங்கள் துறைதான்.

எங்கள் ரிங் ஃபிரேம் பிரிவில் ஓர் அக்கா, மகளின் பிரசவத்துக்காக லீவு எடுத்துப் போனார். பிரசவம் சிக்கலாகி, லீவு முடிந்தும் ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டியதாயிற்று. சூப்பர்வைசருக்குப் போனில் சொன்னார். திரும்பி வந்தபோது கேட்டிலேயே நிறுத்தி, வேலை போய்விட்டது என்று ஒரு தாளை நீட்டினார்கள். லீவு முடிந்து எட்டு நாளுக்குள் வந்து காரணம் சொல்லாவிட்டால் வேலையில் உரிமை போய்விடும், நிலையாணையில் உள்ள விதி அவ்வளவுதான். தாளில் அது முடிவே இல்லாத ஒற்றை வாக்கியமாக ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ்ப் பிரதி அதைவிடக் கடினம். வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் கையெழுத்துப் போட்டதும் அந்த நிலையாணையில்தானாம்.

உரிமை போனாலும் பத்லி பட்டியலில், அதாவது மாற்று ஆள் பட்டியலில், இடம் உண்டு என்று அரசின் மாதிரி நிலையாணையிலேயே இருக்கிறது. விசாரணை இல்லாமல் இப்படி நீக்கக் கூடாது என்று 1993இல் டி.கே. யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சங்கத்துக்காரர் சொல்லும்வரை அந்த அக்காவுக்கு இரண்டுமே தெரியாது. அதுவரை அழுதுகொண்டேதான் இருந்தார்.

நிலையாணையைப் பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் வாசலருகே ஒட்ட வேண்டும் என்று 1946ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின் 9ஆம் பிரிவே சொன்னது. எங்கள் வாசலிலும் போர்டு இருக்கிறது. பத்தாவது படித்தவர்களுக்கே அது விளங்கவில்லை. ஒடிசாவிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? இதற்கு நடுவில், புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் 300 பேருக்குக் கீழ் உள்ள ஆலைகளுக்கு நிலையாணையே கட்டாயமில்லை என்றாக்கிவிட்டார்கள். சின்ன மில்காரர்களிடம் வேலை பார்ப்பவர்கள் எந்தத் தாளைக் காட்டி நியாயம் கேட்பது? இது டெல்லியில் எடுத்த முடிவு, உங்களிடம் கோபப்பட்டுப் பயனில்லை என்று தெரியும். ஆனாலும் கோபம் வருகிறது.

சரி, உங்களால் முடிந்ததைக் கேட்கிறேன். எளிய தமிழில் எழுதாத நிலையாணைக்குச் சான்று தராதீர்கள். சான்றளிக்கும் முன் நான்கைந்து தொழிலாளர்களை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர்களுக்குப் புரியவில்லை என்றால் திருப்பி அனுப்புங்கள். ஒடியா, இந்தி பேசுகிறவர்கள் இருக்கும் ஆலையில் அந்த மொழிகளிலும் கேளுங்கள். விசாரணைக்காக சஸ்பெண்ட் ஆனால் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம் உண்டு என்பதை ஒரே வரியில் எழுத முடியும்.

முழுவதையும் மாற்றி எழுத நாளாகும் என்றால், லீவு, சஸ்பென்ஷன், விசாரணை ஆகிய மூன்று பகுதிகளையாவது முதலில் புரிகிற தமிழில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நூற்பாலைத் தொழிலாளி