சின்ன பாலுவின் மூச்சு

கோபி
23.11.2025

கீபோர்டு மாப்பிள்ளைக்கு,

திட்டாதே. சித்திரையில் நீ எழுதிய கடிதத்துக்குக் கார்த்திகையில் பதில் போடுகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் நான் சொல்ல வந்ததைப் போனில் சொன்னால் பாதியிலேயே நீ சிரிப்பாய், எனக்குக் கோபம் வரும், அப்புறம் இரண்டு பேரும் பவானி லாட்ஜ் கதைக்குப் போய்விடுவோம். அதனால்தான் எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டுச் சிரி.

வீட்டில் எல்லோரும் சுகம். எனக்குச் சர்க்கரை அப்படியே இருக்கிறது. உன் தங்கச்சி ராகிக் களியும் கீரையும் போட்டே என்னைக் கொல்கிறாள். மருமகன் பாடுதான் கொஞ்சம் திண்டாட்டம். ஆகஸ்ட் 27-லிருந்து அமெரிக்காக்காரன் 50 சதவீத வரி போட்டானே, திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் ஓடிய இடத்தில் ஒரு ஷிப்டுக்கே இழுபறி. உன் மாமனார் ஊர்க் குளத்தில் தண்ணீர் நிற்கிறது, தெரியுமா? அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தில் 1,045 குளம் குட்டை என்கிறார்கள், அதில் அதுவும் ஒன்று. ‘வந்துரும், வந்துரும்’ என்று சொல்லிச் சொல்லியே மனுஷன் போய்ச் சேர்ந்தார். அப்புறம், கோயமுத்தூர் அவினாசி ரோட்டில் 10 கிலோமீட்டருக்கு மேம்பாலம் திறந்துவிட்டார்கள், ஜி.டி. நாயுடு பேரில். நம் கச்சேரி வேன் ஹோப்ஸ் சிக்னலில் நின்ற நேரத்தையெல்லாம் கூட்டினால் நாம் இன்னும் நாலு கச்சேரி பண்ணியிருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம் கச்சேரிப் பாடகன் சின்ன பாலு போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. போன மாதம் வருஷம் கும்பிட்டார்கள். நீ வரவில்லை, முட்டி வலி என்றாய், நம்பிவிட்டேன். ஒறம்பரை எல்லாம் வந்திருந்தது. பேஸ் கிடார் அண்ணன்கூடக் கோலை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். படையல் முடிந்து பந்தியும் முடிந்தது. வெற்றிலை போட்டுக்கொண்டு சாமியானாவுக்குக் கீழே பழமை பேசிக்கொண்டிருந்தோம். அவன் பையன் பெரிய ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுவந்து போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்தான்.

‘எல்லாருக்கும் வணக்கமுங்க. வவுறு நெறைய சாப்ட்டீங்களா?’

மாப்ள, அவன் குரல். அதே கட்டை, அதே இழுப்பு. எனக்குக் கை ஜில்லென்று ஆகிவிட்டது. கிடார் அண்ணன் கோலைக் கீழே போட்டுவிட்டார். பையன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறானே, அப்பாவுடைய பழைய வாட்ஸப் குரல்களையும் கல்யாண வீடியோக்களையும் போட்டு ஏஐ-யில் செய்திருக்கிறான். சரி, பேசியதோடு விட்டிருக்கலாம். அடுத்து பாட்டு வந்தது. எந்தப் பாட்டு என்று நினைக்கிறாய்? கேளடி கண்மணி பாட்டேதான். மண்ணில் இந்தக் காதலன்றி.

1990-ல் அந்தப் படம் வந்த நாளிலிருந்து நமக்குப் பிடித்தது சனி. எந்த ஊர் நோம்பிக்குப் போனாலும் முதல் துண்டுச்சீட்டு அதுவாகத்தான் இருக்கும், கூடவே பத்து ரூபாய் அன்பளிப்பு. ‘மூச்சு விடாம பாடோணும்’ என்று அடிக்கோடு வேறு. இவனும் வீம்புக்கு ஒத்துக்கொள்வான். பல்லவி ஜோராகப் போகும். முதல் சரணத்தில் கழுத்து நரம்பு புடைக்கும். இரண்டாவதில் கண் பிதுங்கும். அந்த இடத்தில் நீ கீபோர்டில் சத்தத்தைத் தூக்குவாய், நான் தபேலாவில் ஒரு உருட்டு உருட்டுவேன், அந்த இடைவெளிக்குள் அவன் திருட்டு மூச்சு ஒன்று வாங்கிக்கொண்டு கரையேறுவான். ஜனம் விசில் அடிக்கும். இருபத்தைந்து வருஷத்தில் ஒரே ஒரு தடவைகூட அவன் அதை ஒரே மூச்சில் பாடியதில்லை.

ஸ்பீக்கரில் பாடிவிட்டான், மாப்ள. இரண்டு சரணமும், பச்சைத் தண்ணீர் குடிப்பதுபோல. இருமல் இல்லை, இழுப்பு இல்லை, திருட்டு மூச்சும் இல்லை. எல்லோரும் அழுதுகொண்டே கை தட்டினார்கள். எனக்கு மட்டும் தொடையில் விரல் அந்த உருட்டுக்குக் காத்துக்கொண்டே இருந்தது. உருட்ட இடமே வரவில்லை.

எழுந்துவிட்டேன். எழுந்து போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ‘உங்கப்பனைக் கேட்டியாடா?’ என்று அத்தனை பேருக்கு முன்னால் கத்திவிட்டேன். பையன் முகம் செத்துப்போனது. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன், அதுவும் யாருடைய செருப்போ. ஒரு மாதமாக இதுதான் என்னை அரிக்கிறது. அதனால்தான் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அன்றைக்கு ராத்திரியே பையன் போன் பண்ணினான். கோபமே இல்லை, அதுதான் இன்னும் வலித்தது. ‘மாமா, ரஹ்மானே செஞ்சிருக்காருங்க’ என்றான். வாஸ்தவம்தான். போன வருஷம் லால் சலாம் படத்தில் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இரண்டு பேர் குரலையும் ஏஐ-யில் எடுத்துப் பாட வைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்துத்தான் செய்தார் என்று அவரே சொன்னார். அதே வருஷம் விஜய் நடித்த கோட் படத்தில் பவதாரிணி குரலும் அப்படித்தான் வந்தது. அண்ணன் படத்துக்கு இசை, தங்கச்சி போய்ச் சில மாதந்தான். சின்னச் சின்னக் கண்கள் பாட்டை நான் முதல் தடவை கேட்டபோது அழுதேன் என்பதையும் உன்னிடம் மறைக்கவில்லை. அப்போது இந்தக் கேள்வி எல்லாம் எனக்கு வரவில்லை. அடுத்த வீட்டுத் துக்கம் என்றால் பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது.

இந்த ஆகஸ்டில் அம்பிகாபதியை மறுபடி விட்டார்களே, பார்த்தாயா? தனுஷ் இந்தியில் நடித்து 2013-ல் வந்த படத்தின் தமிழ்தான். கடைசியில் செத்துப்போகிறவனை ஏஐ போட்டுப் பிழைக்க வைத்துவிட்டார்கள். டைரக்டருக்கும் சம்மதமில்லை, தனுஷுக்கும் இல்லை. படத்தின் உயிரையே எடுத்துவிட்டார்கள் என்று அவர் அறிக்கை விட்டார். உயிர் கொடுத்ததில் உயிர் போய்விட்டது, பார். நான் அந்தப் படத்துக்காகப் பையனிடம் சண்டை போட்டேன். ‘நம்ம ஊர் டாக்கீஸ்ல ஆபரேட்டர் கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஒரு ரீலையே முழுங்குவார்னு நீங்கதானே மாமா சொன்னீங்க?’ என்று கேட்டான். பதில் இல்லை. அப்படி அவர் ரீல் முழுங்கிய ஒரு படத்தில் தங்கச்சி பாத்திரம் ஒன்று இருப்பதே நமக்கு இரண்டு வருஷம் கழித்துத்தானே தெரிந்தது!

இன்னொன்றும் கேட்டான், அதற்கும் பதில் இல்லை. ‘எங்கப்பா எஸ்.பி.பி. பாலு சார் குரல்லதானே பாடினாரு? பாலு சாரைக் கேட்டாரா?’

நியாயம்தானே? நாம் யாரைக் கேட்டோம்? இருபத்தைந்து வருஷம் ராஜா பாட்டை வைத்துத்தான் அரிசி வாங்கினோம், ஒரு பைசா அவருக்குப் போனதில்லை. 2017-ல் பாலு சாருக்கே ராஜா நோட்டீஸ் அனுப்பினார் என்று பேப்பரில் வந்தபோது சின்ன பாலு பண்ணிய அக்கப்போரை மறக்க முடியுமா? ‘அடுத்தது நமக்குத்தான்’ என்று தபால்காரரைக் கண்டாலே பொடக்காலி வழியாக ஓடினான். அந்த வாரக் கச்சேரி முழுக்க எம்.எஸ்.வி. பாட்டுதான். அப்போது நாம் ராஜாவைத் திட்டினோம். இந்த மார்ச்சில் 81 வயதில் லண்டனில் போய்ச் சிம்பொனி வாசித்துவிட்டு வந்தாரே, அதை டிவியில் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. உழைத்தவன் கேட்கிறான், தின்றவன் திட்டுகிறான். போன வருஷம் மஞ்ஞும்மல் பாய்ஸ் படத்தில் குணா பாட்டு வந்தபோது நம் ஊர்த் தியேட்டரில் 1991-ல் பிறக்காத பயல்களெல்லாம் கூடவே பாடினார்கள். அதற்கும் அவர் நோட்டீஸ் அனுப்பினார். இந்தத் தடவை நான் அவர் கட்சி.

ஆனால் பையன் கேட்டதில் எங்கேயோ இடிக்கிறது. சின்ன பாலு பாலு சார் மாதிரிப் பாடினான், சரி. அதற்காக ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தியூரில் தொண்டை கிழியப் பாடினான், விடியற்காலம் மிளகுக் கஷாயம் குடித்தான். ‘பாலு சார் பாடினதுல கால்வாசி வந்தாலே போதுமுங்க’ என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பான். 2020 செப்டம்பர் 25 அன்றைக்கு மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்துகொண்டு ஹம்மிங் மட்டும் பாடினானாம், வார்த்தை வரவில்லையாம். அந்த மெஷினுக்கு எந்தப் பாட்டில் வார்த்தை வராது, சொல்?

கரூர்க் கூட்ட நெரிசலைப் பற்றி நீ கேட்டிருக்க மாட்டாய், நானும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். 41 பேர். அதில் குழந்தைகளும். விசாரணை நடக்கிறது, யார் தப்பு என்று நான் சொல்லப் போவதில்லை. அன்று ராத்திரி தூக்கமில்லாமல் கிடந்தபோது எனக்கு அந்தியூர் நோம்பிதான் ஞாபகம் வந்தது. குதிரைச் சந்தைக் கூட்டம், மேடைக்கு முன்னால் நெரிசல். இவன் பாட்டை நடுவில் நிறுத்திவிட்டான். நிறுத்திவிட்டு மைக்கில், ‘பச்சைச் சட்டை போட்ட ஒரு பொடியன் அழுதுட்டு நிக்கறானுங்க, முன்னால இருக்கறவங்க பத்தடி பின்னால போங்க, போனாத்தான் பாட்டு’ என்றான். கூட்டம் போனது, மாப்ள. பொடியனைத் தூக்கி மேடையில் என் தபேலாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவன் அப்பன் வருகிற வரைக்கும் என் டக்காவைத் தட்டிக்கொண்டே இருந்தான். நாம் திட்டினோம், சுருதி போச்சு, கூட்டம் கலைஞ்சுடும் என்று. அவனுக்கு ஜனத்தைப் பார்த்துக்கொண்டே பாடத்தான் தெரியும்.

போன வாரம் மனசு கேட்காமல் அவன் வீட்டுக்குப் போனேன், மன்னிப்புக் கேட்கலாம் என்று. பையன் பெங்களூர் போய்விட்டான். அவன் சம்சாரம், அந்தப் பிள்ளை மட்டும்தான் இருந்தது. தினமும் விளக்கு வைத்ததும் அந்த ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறதாம். எனக்கு வாய் சும்மா இருக்குமா? ‘அது அவன் இல்லை சாமி’ என்று ஆரம்பித்துவிட்டேன்.

‘எனக்குத் தெரியாதுங்களாண்ணா? வூடு வெறிச்சுனு கெடக்குதுங்க. ஏதோ ஒரு சத்தம் இருக்கட்டும்னுதானுங்க’ என்றது.

காபி கொடுத்தது. நான் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. வாசல்வரை வந்து, ‘பாட்டுக்கு நடுவுல இருமுவாருல்லீங்களா, அது எங்கியாச்சும் இருக்குதுங்களாண்ணா?’ என்று கேட்டது.

இருக்கிறது. உன்னிடம்தான் இருக்கிறது. 1992 அந்தியூர்க் கச்சேரியை சவுண்டு சர்வீஸ்காரர் மிக்ஸரிலிருந்து நேராகப் பதிந்து கொடுத்தாரே, டிடிகே 90, பி பக்கம். புனே போகும்போது ‘கேட்டுட்டுத் தரேன்’ என்று எடுத்துக்கொண்டு போனாய். அந்தப் பொடியன் விஷயமும் அதில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பாடுவான், இரண்டாவது சரணத்தில் நீ சத்தத்தைத் தூக்க மறந்திருப்பாய். அவன் மூச்சு வாங்குவது பச்சையாகக் கேட்கும். அதற்காக அவன் உன்னோடு மூன்று நாள் பேசவில்லை.

கூரியரில் போடாதே. பொங்கல் நோம்பிக்கு முட்டியையும் தூக்கிக்கொண்டு வா, கேசட்டைக் கையிலேயே கொண்டு வா. டேப் தளர்ந்திருந்தால் பென்சிலை விட்டுச் சுற்றி வைக்காதே. நீ சுற்றிய லட்சணம் எனக்குத் தெரியும். இங்கே என் டெக் இருக்கிறது, பெல்ட் மட்டும் போய்விட்டது. ஈரோட்டில் ஒருத்தர் மாற்றித் தருகிறேன் என்றிருக்கிறார். பையனையும் அன்றைக்கு வரச் சொல்லிச் செய்தி அனுப்பினேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ‘அந்த கேசட்ட நான் டிஜிட்டல் பண்ணித் தரட்டுங்களா மாமா?’ என்று மட்டும் கேட்டிருக்கிறான். இருமலைத் துடைக்காமல் பண்ணுவதென்றால் சரி என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தபேலா